வெர்தோன் பள்ளத்தாக்கு மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குப் பிரான்சில் வெர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நடக்கப் போகிறேன் என்று யாராவது கூப்பிட்டால், பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். காரை எங்கே விடுவது, தண்ணீர் கிடைக்குமா, சுரங்கத்துக்குள் பயமாக இருக்குமா, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் நடுவில் வெளியேற வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எந்த முடிவாக இருந்தாலும் மேலே, காருக்குப் பக்கத்தில் நிற்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

வெர்தோன் வெர்தோன் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? லா பாலூவில் ஏன் தங்கச் சொல்கிறீர்கள்?

ஆல்ப்ஸ் மலையில் பிறந்து துரான்ஸ் ஆற்றில் போய்ச் சேரும் ஆறு வெர்தோன். கஸ்தெலான் என்ற சிற்றூருக்கும் மூஸ்தியே-சான்த்-மரிக்கும் நடுவே அது சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு போகிறது. சில இடங்களில் விளிம்புக்கும் ஆற்றுக்கும் இடையே 700 மீட்டர் வரை ஆழம். வடகரை ஆல்ப்-து-ஒத்-புரோவான்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது, தென்கரை வார் மாவட்டத்தில். 1997 முதல் இந்தப் பகுதி வெர்தோன் வட்டார இயற்கைப் பூங்காவுக்குள் வருகிறது.

லா பாலூ-சூர்-வெர்தோன் வடகரை மேட்டில், 900 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கிராமம். சில நூறு பேர்தான் வாழ்கிறார்கள். ஒரு தேவாலயம், நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த ஒரு பழைய மாளிகை, சில கடைகள், பாறை ஏறுபவர்கள் உட்கார்ந்திருக்கும் காபிக் கடைகள். ஊரிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கே தெரியாது. ஆனால் முக்கியமான நடைபாதைகள் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்திலேயே தொடங்குகின்றன, அதனால்தான் இங்கே தங்கச் சொல்கிறேன். அந்த மாளிகையில் பள்ளத்தாக்குத் தகவல் மையம் இருக்கிறது. நடப்பதற்கு முந்தைய நாள் அங்கே ஒரு எட்டு போய்வாருங்கள். எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதை அவர்கள் அளவுக்குச் சரியாகச் சொல்ல ஆளில்லை.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தப் பாதையில் போவது?

முழு நாள் நடக்கும் தெம்பு இருந்தால் பிளான்-மார்த்தெல் பாதை. மலீன் விடுதியில் இறங்கி, ஆற்றோரமாகவே நடந்து, புவான் சுப்லீம் என்ற இடத்தில் ஏறி வெளியே வருவது. பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இதுதான் வழி. மேலே சாலையோரம் நின்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு இதில் கால்வாசிகூடக் கிடைக்காது.

அவ்வளவு நடக்க முடியாது என்றால் புவான் சுப்லீமிலிருந்து குலுவார் சாம்சோன் வரை இறங்கி ஏறுங்கள். அதைப் பற்றிக் கீழே வயதானவர்கள் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

பிளான், மார்த்தெல் எல்லாம் யார்?

எதுவார்-அல்ஃப்ரெத் மார்த்தெல் குகை ஆய்வுக்குப் பேர்போனவர். 1905 ஆகஸ்டில் ஒரு குழுவுடன் துணிப் படகுகளை எடுத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கை முழுவதுமாகக் கடந்தார். சில நாட்கள் பிடித்தன. பல இடங்களில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்தக் குழுவில் இருந்த உள்ளூர்க்காரர் இசிதோர் பிளான், பக்கத்து ரூகோன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். இன்றைய பெயரில் இருவருமே இருக்கிறார்கள். பழைய வரைபடங்களில் மார்த்தெல் பாதை என்று மட்டும் இருந்தாலும் அது இதேதான்.

ஆனால் அவர்களுக்கு முன்பே கிராமத்து ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு இந்தச் சுவர்களில் இறங்கியிருக்கிறார்கள். பாறை இடுக்கில் வளரும் பக்ஸ் என்ற கெட்டி மரத்தின் வேர்முடிச்சுக்காக. தென்கரையில் உள்ள ஏகீன் கிராமத்துக் கடைசல்காரர்கள் அதை உருண்டையாகக் கடைந்து, மேலே நெருக்கமாக ஆணி அடித்து, தரையில் பந்து எறிந்து ஆடும் பூல் விளையாட்டுக்குப் பந்து செய்தார்கள். பந்தின் மேற்பரப்பு முழுக்க ஆணித் தலைகளாக, மீன் செதில் அடுக்கியதுபோல இருக்கும். நடந்து போகும்போது பாதையோரம் சின்ன இலைகளோடு, கரும்பச்சையாக நிற்கும் புதர்கள் அந்த மரம்தான். இப்போது நாம் நடக்கும் பாதையைத் துரிங் கிளப் த பிரான்ஸ் என்ற பயணிகள் சங்கம் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்தது.

கூகுள் மேப் நாலு மணி நேரம் என்று காட்டுகிறது. நீங்கள் ஏன் நாள் முழுக்க என்கிறீர்கள்?

தூரத்தைப் பார்த்தால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். ஆனால் சமதளம் குறைவு. ஏறி, இறங்கி, சரளைக் கற்கள் சரியும் இடத்தைக் கடந்து, மறுபடி ஏறி என்று போய்க்கொண்டே இருக்கும். பலர் கால் பட்டுப் பட்டுச் சுண்ணாம்புப் பாறை வழவழப்பாகிவிட்டது, காய்ந்திருக்கும்போதே வழுக்கும். உட்கார்ந்து சாப்பிடாமல் 6 முதல் 7 மணி நேரம் என்பது நியாயமான கணக்கு. சாப்பாடு, போட்டோ, கூட்டத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் காலை 7 மணிக்கே மலீனில் இறங்கத் தொடங்கினால் நல்லது. பத்து மணிக்குத் தொடங்குபவர்கள் உச்சி வெயிலில் திறந்த சரிவுகளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த முனையிலிருந்து தொடங்குவது நல்லது?

மலீனிலிருந்து. அங்கே இறக்கத்தோடு ஆரம்பிக்கலாம், வழியில் வரும் பெரிய இரும்புப் படிக்கட்டையும் இறங்குமுகமாகக் கடக்கலாம், சுரங்கங்கள் கடைசியில் வரும், வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில் அந்தக் குளிர்ச்சி உடம்புக்கு இதமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் இந்தத் திசையில்தான் போகிறார்கள், அதனால் குறுகலான இடங்களில் எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி நிற்கும் தொல்லையும் குறைவு.

ஒரே குறை, கடைசியில் புவான் சுப்லீமுக்கு ஓர் ஏற்றம் இருக்கிறது. களைத்த காலுக்கு அது நீளமாகத் தெரியும். அதற்கென்று அரை லிட்டர் தண்ணீரை மிச்சம் வையுங்கள்.

காரை ஒரு முனையில் விட்டால் இன்னொரு முனையிலிருந்து எப்படித் திரும்புவது?

இந்தப் பாதை வட்டமாகத் திரும்பி வராது. எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். கோடையில் லா பாலூ, மலீன், புவான் சுப்லீம் ஆகியவற்றை இணைக்கும் சிற்றுந்து ஓடுகிறது. எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் டாக்சியும் உண்டு, முந்தைய நாளே சொல்லி வைக்க வேண்டும்.

நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: காரைப் புவான் சுப்லீமில் விட்டுவிட்டு, காலையில் சிற்றுந்திலோ டாக்சியிலோ மலீனுக்குப் போங்கள். அப்படிச் செய்தால் நடந்து முடித்து மேலே வரும்போது கார் அங்கேயே நிற்கும். மாலை கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாக நடந்தால்தான் கால் தவறும்.

சுரங்கத்துக்குள் போக வேண்டுமாமே? மொபைல் டார்ச் போதாதா?

போதாது. பாதையின் கடைசிப் பகுதியில் இரண்டு சுரங்கங்கள் வருகின்றன. முதலில் திரெஸ்காய்ர், 100 மீட்டருக்குச் சற்று அதிகம். அடுத்து பாவு, ஏறக்குறைய 670 மீட்டர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின் உற்பத்திக்காக ஆற்றைத் திருப்பிவிட வெட்டத் தொடங்கி, முடிக்காமலே கைவிட்ட சுரங்கங்கள் இவை. உள்ளே தரை சமமாக இருக்காது. குழி, தேங்கிய தண்ணீர், உருண்ட கற்கள். மழைக்குப் பிறகு கணுக்கால் வரை தண்ணீர் நிற்பதும் உண்டு.

மொபைலைக் கையில் பிடித்தால் ஒரு கை போய்விடும், தண்ணீரில் விழுந்தால் விளக்கும் போனும் சேர்ந்து போகும். தலையில் மாட்டும் டார்ச், ஆளுக்கு ஒன்று, புது பேட்டரியோடு. குழுவுக்கு ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள். முன்னால் போகிறவரின் வெளிச்சம் பின்னால் வருகிறவருக்கு உதவாது. பாவு சுரங்கத்தில் ஆற்றைப் பார்த்துத் திறக்கும் ஜன்னல்கள் சில உண்டு. இருட்டிலிருந்து திடீரென்று பச்சைத் தண்ணீரும் வெள்ளைப் பாறையும் தெரியும் அந்த இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு திறப்பிலிருந்து புறாக் குகை என்ற பெரிய பாறைக் குடைவுக்கு இறங்கவும் படி இருக்கிறது.

எனக்கு உயரம் என்றால் பயம். அந்த இரும்புப் படிக்கட்டில் இறங்க முடியுமா?

பிரெஷ் இம்பேர் என்ற பாறைப் பிளவில் இருக்கும் படிக்கட்டைத்தான் கேட்கிறீர்கள். 252 படிகள். பாறையில் பொருத்திய இரும்பு ஏணிப்படிகள் பல துண்டுகளாக இறங்குகின்றன, இரண்டு பக்கமும் பிடிமானம் இருக்கிறது. சில துண்டுகள் நல்ல செங்குத்து. படிகளின் இடைவெளி வழியே கீழே தெரியும்.

படியைப் பார்த்து, பிடியை விடாமல் மெதுவாக இறங்கினால் பயப்படுகிறவர்களில் பலர் இறங்கிவிடுகிறார்கள். முதுகுப் பையைச் சின்னதாக வையுங்கள், பெரிய பை பின்னால் இடித்து ஆளை முன்னால் தள்ளும். ஆனால் உயரத்தில் தலை சுற்றி, கை கால் உறைந்துபோகிற ஆள் என்றால் வர வேண்டாம். அந்தப் படிக்கட்டுக்கு வரும்போது பாதிப் பாதையைக் கடந்திருப்பீர்கள். அங்கே நின்று முடியாது என்றால் வந்த வழியே மலீன் வரை திரும்பி ஏற வேண்டும்.

ஆறு பக்கத்திலேயே ஓடுகிறதே, தண்ணீர் சுமக்க வேண்டுமா?

கட்டாயம். மலீனை விட்டால் புவான் சுப்லீம் வரை குடிநீர்க் குழாய் எதுவும் இல்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது, மேலே ஊர்களும் மேய்ச்சலும் இருக்கின்றன. தவிர, பல மணி நேரம் பாதை ஆற்றுக்கு மேலே உயரத்தில்தான் போகும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

ஆளுக்கு 2 லிட்டர் குறைந்தபட்சம், ஜூலை ஆகஸ்டில் 3 லிட்டர். இதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

அண்ணா, வெயிலில் நடந்து வந்த பிறகு ஆற்றில் இறங்கிக் குளித்தால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்குக்கு மேலே கஸ்தியோன், ஷோதான் என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. மின் தேவை வந்தால் மின் நிறுவனம் தண்ணீரைத் திறந்துவிடும். வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளில்கூட ஆறு விறுவிறுவென்று உயரும். கரையில் ஆள் ஓடுவதுபோன்ற படம் போட்டு எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பது அதற்காகத்தான். சற்று முன் கணுக்கால் அளவில் கடந்த இடம், திரும்பி வரும்போது இடுப்பளவு வேகநீராக இருக்கலாம்.

ஆகவே, ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்கோ நடுப் பாறைக்கோ போகவே கூடாது. நடுவில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும் வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான், அந்தப் பாறை முழுகாமல் இருந்தால். கரையில் உட்கார்ந்து முகம் கழுவலாம், காலை நனைக்கலாம். தண்ணீர் கலங்குவதையோ சத்தம் மாறுவதையோ கவனித்தால் உடனே மேலே ஏறிவிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ரோன் ஆற்றுப் படுகையில் மட்டும் வாழும் அப்ரோன் என்ற சின்ன மீன், அழியும் நிலையில் இருப்பது, இந்த ஆற்றுப் படுகைக் கற்களுக்கிடையே வாழ்கிறது. ஆற்றுக்குள் நடப்பதற்குக் கட்டுப்பாடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நீந்தியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு சான்த்-குருவா ஏரி இருக்கிறது. 1970களில் அணை கட்டி உருவாக்கியது. அதற்காகச் சால்-சூர்-வெர்தோன் என்ற ஊரை இடித்துவிட்டு, மக்களை மேலே புது ஊரில் குடியமர்த்தினார்கள். ஏரியில் அமைதியான தண்ணீர், காலால் மிதிக்கும் படகுகள், பள்ளத்தாக்கின் வாய்க்குள் கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டுப் போகவும் முடியும்.

தண்ணீர் ஏன் இப்படிப் பச்சையாக இருக்கிறது? ஏதாவது கலந்திருக்கிறதா?

கலப்படம் இல்லை. சுண்ணாம்புப் பாறையில் கரைந்து வரும் நுண்துகள்களும், நுண்ணிய பாசிகளும், தெளிந்த தண்ணீரில் வெளிச்சம் விழும் விதமும் சேர்ந்த நிறம். காலைச் சாய்வெயிலைவிட நடுப்பகலில் நன்றாகத் தெரியும்.

எந்த மாதத்தில் வருவது?

மே, ஜூன், செப்டம்பர். ஏப்ரல் கடைசியும் அக்டோபர் முதல் பாதியும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அக்டோபரில் பகல் சுருங்கிவிடும், பள்ளத்தாக்கின் அடியில் வெளிச்சம் இன்னும் சீக்கிரமே போய்விடும்.

ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் உச்சம். காட்டுத் தீ அபாயம் அதிகமான நாட்களில் மாவட்ட நிர்வாகம் காட்டுப் பகுதிகளுக்குள் நுழைவதைத் தடுக்கலாம், குறிப்பாக வார் மாவட்டப் பக்கம். முந்தைய நாள் மாலையே பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் நிழல் பகுதிகளில் பனி உறைந்து கிடக்கும், பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி மேலே போகும் கிரெத் சாலையையும் மூடிவிடுவார்கள். அப்போது பிளான்-மார்த்தெல் வேண்டாம்.

எங்கள் பையனுக்கு 6 வயது, அம்மாவுக்கு 65. அவர்களுக்கு என்ன இருக்கிறது?

இருவருக்கும் பிளான்-மார்த்தெல் வேண்டாம். அம்மா தினமும் மலை ஏறுபவராக இருந்தால் பேச்சு வேறு. பையனுக்கு இன்னும் நாலைந்து வருடம் போகட்டும். தூரத்தைவிட, இடையில் வெளியேற முடியாது என்பதுதான் காரணம். களைத்துப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த இரும்புப் படியில் இறங்க முடியாது.

புவான் சுப்லீமிலிருந்து குலுவார் சாம்சோனுக்கு இறங்கும் பாதை இருவருக்கும் சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் பாறை நெருங்கி நிற்கும் வாசல் போன்ற இடம் அது, பள்ளத்தாக்கு அங்கேதான் தொடங்குகிறது. திரும்ப ஏற வேண்டும், அதற்கு நேரம் விடுங்கள். அங்கிருந்து பாவு சுரங்கத்துக்குள் கொஞ்ச தூரம் டார்ச் அடித்துப் போய்த் திரும்பினால் பையன் வருடக்கணக்கில் பேசுவான். புவான் சுப்லீமில் பல்லி படம் போட்ட குறிகளைப் பின்பற்றும் லெசார் பாதையும் இருக்கிறது. பிள்ளைகள் அந்தக் குறிகளைத் தேடிக்கொண்டே முன்னால் ஓடுவார்கள்.

அம்மாவுக்கு நடக்கவே விருப்பமில்லை என்றால் லா பாலூவிலிருந்து கிரெத் சாலை. 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வட்டம், ஒரு பகுதி ஒருவழி. நின்று பார்க்கப் பல மேடைகள் உண்டு. எஸ்கலெஸ் என்ற பெரிய சுவரின் உச்சியில் நின்றால் பாறை ஏறுபவர்கள் கயிற்றில் இறங்குவதைக் காலடியிலேயே பார்க்கலாம்.

பாதையில் குறிகள் இருக்குமா? வழி தவறினால்?

பிளான்-மார்த்தெல், ஜிஆர்4 என்ற நெடுந்தூரப் பாதையின் ஒரு பகுதி. வெள்ளையும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடு என்றால் சரியான வழி. அதே நிறங்களில் பெருக்கல் குறி என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். மஞ்சள் கோடு உள்ளூர்ச் சிறு பாதைகளுக்கு. அரசு வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 3442ஓடி என்ற 1:25,000 வரைபடம் இந்த முழுப் பகுதியையும் காட்டும். காகிதத்தில் வாங்கி வையுங்கள். உள்ளே போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது.

ஒரு பிரிவு மட்டும் நினைவில் இருக்கட்டும். வழியில் மெஸ்க்லாவுக்கு ஒரு கிளை போகிறது. ஆர்த்துபி ஆறு வெர்தோனோடு கலக்கும் இடம், பார்க்கத் தகுந்தது. ஆனால் அது முட்டுச்சந்து, போய்விட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். காலையில் சீக்கிரம் இறங்கியவர்கள் போகலாம்.

மேலே பெரிய பெரிய பறவை சுற்றுகிறதே, கழுகா?

கிரிஃபோன் பிணந்தின்னிக் கழுகுகள். இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல். இந்த வட்டாரத்தில் முற்றிலும் இல்லாமல் போய், 1999 முதல் ரூகோனில் கூண்டிலிருந்து விடுவித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். செத்த ஆடு மாடுகளைத் தின்று சுத்தம் செய்யும் வேலைக்காக மேய்ப்பர்களும் ஒத்துழைக்கிறார்கள். ரூகோன் கிராமத்தில் வெயில் சூடேறிய பிறகு, பத்து மணிக்கு மேல், நின்று பாருங்கள். காற்று மேலே எழும்ப எழும்ப ஒன்றன்பின் ஒன்றாக உயரும். கிரெத் சாலை மேடைகளில் அவற்றின் முதுகை மேலிருந்து பார்க்கலாம், இறக்கையின் பழுப்பும் கருப்பும் தெளிவாகத் தெரியும்.

செடிகளில் ஆர்வம் உள்ளவர்கள் நிழலான பாறைச் சுவர்களைக் கவனியுங்கள். உலகில் இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி மட்டுமே வளரும் ஒரு சின்னப் பெரணி அங்கே இடுக்கில் இருக்கிறது. பறிக்கக் கூடாது.

உள்ளே டென்ட் போட்டு ஒரு இரவு தங்கலாமா?

கூடாது. பள்ளத்தாக்குக்குள் முகாம் போடவும் தீ மூட்டவும் தடை. அனுமதித்தாலும் நான் சொல்ல மாட்டேன். அணைத் தண்ணீர் பற்றி மேலே படித்திருப்பீர்கள், இரவில் ஆற்றோரம் படுத்திருப்பவருக்கு அது எப்போது உயர்ந்தது என்றே தெரியாது.

லா பாலூவில் முகாம் இடங்கள், நடப்பவர்களுக்கான பொது அறை விடுதிகள் இருக்கின்றன. பாதை தொடங்கும் இடத்திலேயே இருக்கும் மலீன் விடுதியில் தங்கினால் விடிகாலையில் முதல் ஆளாக இறங்கலாம். முன்பதிவு வேண்டும்.

நாங்கள் சைவம். கிராமத்தில் என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் நடைக்கு வேண்டியதை முந்தைய மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். ரொட்டி, தக்காளி, பழம், கொட்டை வகைகள். இந்த மாவட்டத்தில் பேர்போன பனோன் என்ற ஆட்டுப்பால் சீஸ், செஸ்நட் இலையில் சுற்றி நார் கட்டி வரும், ரொட்டியோடு நன்றாக இருக்கும். வெயிலில் பையில் கிடந்தால் உருகிவிடும், முதல் நிறுத்தத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

பேக்கரியில் ஃபுகாஸ் ரொட்டி வாங்கும்போது கேட்டு வாங்குங்கள், பன்றி இறைச்சித் துண்டோ நெத்திலியோ வைத்துச் சுடுவது வழக்கம். ஓட்டலில் ஆட்டுச் சீஸ் சாலட் கிடைக்கும். கோடையில் பீன்ஸ், காய்கள் போட்ட பிஸ்து சூப்பும் இருக்கும், எதில் கொதிக்க வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கார் இல்லாமல் வர முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். ரயில் இங்கே வராது. பேருந்துகள் குறைவு, பருவத்துக்குப் பருவம் மாறும். மார்செய்யிலோ நீஸிலோ காரை வாடகைக்கு எடுத்தால் எந்தப் பக்கமிருந்தும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இந்தியாவிலிருந்து வருபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள். மலைச் சாலை குறுகல், எதிரே சுற்றுலா வேன்கள் வரும். இருட்டுவதற்குள் லா பாலூ போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

பிளான்-மார்த்தெல் முடித்துவிட்டேன். இம்பூ பாதை எப்படி?

அது வேறு ரகம். தென்கரையில் கவாலியே என்ற இடத்திலிருந்து இறங்கி, பாறையை வெட்டி அமைத்த குறுகிய தட்டுகளில், கம்பிவடத்தைப் பிடித்தபடி போக வேண்டும். பாதை முடியும் இடத்தில் ஆறு பெரிய பாறைக் குவியலுக்கு அடியில் புகுந்து கண்ணிலிருந்து மறைந்துவிடும். எனக்கு இந்த முழுப் பள்ளத்தாக்கிலும் பிடித்த இடம் அதுதான். சத்தம் கேட்கும், தண்ணீரைக் காணோம்.

வெளியேற விதால் என்றொரு சரிவு உண்டு. கம்பிவடத்தைப் பற்றி நேராக மேலே ஏறுவது, ஏறுவதற்கு மட்டுமே, இறங்க அல்ல. பாறையில் பழகாதவர்கள் வந்த வழியே திரும்புங்கள். மழை பெய்தாலோ, பெய்யும் என்றாலோ இம்பூவையே தவிருங்கள். இரும்புப் படிக்கட்டில் தயங்கியவர்களுக்கும் இது கிடையாது.

எஸ்தெலியே தொங்குபாலம் வழியாக எதிர்க்கரைக்குப் போய் ஏறிவிட்டால் வழி குறையுமே?

வரைபடத்தில் அப்படித்தான் தோன்றும். மலீனிலிருந்து இறங்கியதும் வரும் அந்தப் பாலம் 1994 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், பிறகு புதிதாகக் கட்டியது. கடந்து ஏறினால் கவாலியேவுக்கு வருவீர்கள். அங்கே உங்கள் கார் இருக்காது. வடகரைக்குச் சாலை வழியாகத் திரும்ப வேண்டுமானால் பள்ளத்தாக்கை முழுவதுமாகச் சுற்ற வேண்டும், பல பத்து கிலோமீட்டர். மலீனில் இறங்கி, பாலம் கடந்து, இம்பூவைப் பார்த்துவிட்டு, அதே பாலம் வழியாக மலீனுக்கே திரும்புவது நல்ல ஆட்களுக்குச் சாத்தியம். ஆனால் கடைசியில் நீண்ட ஏற்றம், தண்ணீர்க் கணக்கை இன்னும் கூட்டுங்கள்.

நடுவில் யாருக்காவது கால் சுளுக்கினால் என்ன செய்வது?

112. சிக்னல் இல்லாவிட்டால் இரண்டு பேர் காயம்பட்டவரோடு இருக்க, இரண்டு பேர் அருகில் இருக்கும் முனைக்குப் போக வேண்டும். அதனால் நாலு பேராகப் போவது நல்லது. எந்த இடத்தைக் கடந்தோம் என்ற பெயர்களைக் குறித்துக்கொண்டே போங்கள்: எஸ்தெலியே பிரிவு, இசான் புல்வெளி, மெஸ்க்லா பிரிவு, பிரெஷ் இம்பேர், திரெஸ்காய்ர். மீட்புக் குழுவுக்கு இந்தப் பெயர்கள் போதும். பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் வருவார்கள். பிரான்சில் பொது மீட்புப் பணிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் மருத்துவமனைச் செலவு உண்டு, பயணக் காப்பீடு எடுத்து வாருங்கள்.

அலுமினியப் போர்வை ஒன்று, ஒட்டும் பேண்டேஜ் ஒரு சுருள், ஒரு விசில். மூன்றும் சேர்த்து ஒரு ஆப்பிள் எடைகூட வராது.

நேற்று ராத்திரி நல்ல மழை. இன்றைக்கு வானம் வெளுத்திருக்கிறது, போகலாமா?

ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மழைக்கு அடுத்த நாள்தான் தளர்ந்த கற்கள் மேலிருந்து உருளும், வழவழப்பான பாறை இன்னும் மோசமாகும், சுரங்கத்தில் தண்ணீர் நிற்கும், அணைகளும் திறக்கலாம். பாதை மூடியிருப்பதாகப் பலகை வைத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள். முன்னால் நாலு பேர் தாண்டிப் போவதைப் பார்த்தாலும் போகாதீர்கள்.

அந்த நாளைக் கீழ் வெர்தோனில் கான்சோன் கிராமத்துக்குக் கொடுங்கள். அங்கே 2001-இல் திறந்த தொல்பழங்கால அருங்காட்சியகம், நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்தது. அருகிலுள்ள குகைகளில் தோண்டியெடுத்தவை உள்ளே இருக்கின்றன. பிற்பகல் வெயில் வந்து தரை காய்ந்துவிட்டால், 19-ஆம் நூற்றாண்டில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய பழைய கால்வாயை ஒட்டிய பாதையில் ஒரு மணி நேரம் நடக்கலாம். மாலை லா பாலூ திரும்பும் வழியில் மறுநாள் டாக்சிக்குச் சொல்லிவிட்டு, டார்ச் பேட்டரியைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.